மவுஸ் உறைகிறது, சிபியூ சும்மா இருக்கிறது: பழைய கணினியில் லினக்ஸைப் பாரம் தாங்க வைப்பது

கேட்டது இதுதான். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடை. நான்கு பழைய டெஸ்க்டொப்: இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ. சூம் வகுப்பு, ஒன்லைன் விண்ணப்பம், ஸ்கேன் என்று தனித்தனியாக நடக்கும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் யாராவது கல்யாண வீடியோவைப் பென் டிரைவுக்குப் போட்டுத் தரச் சொன்னால் மவுஸே அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் நிற்கிறது. சில நாளில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கிறது. சிபியூவை மாற்றவா, கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) மாற்றவா, விண்டோஸுக்கே திரும்பிவிடவா?

மூன்றும் வேண்டாம். உங்கள் சிபியூ அந்த இரண்டு நிமிடமும் பெரும்பாலும் வேலை செய்யவே இல்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு ஒன்றுதான். பத்துச் சாக்கோடு ஒருவர் முன்னால் நின்றால், கைப்பிடிக் கொழுந்தோடு வந்தவரும் அவர் முடிக்கும்வரை நிற்க வேண்டியதுதான். மவுஸை அசைக்கத் தேவைப்படுவது கைப்பிடி வேலை. அது எந்த வரிசையில் மாட்டிக்கொண்டது என்று கண்டுபிடித்து, அந்த வரிசையை மட்டும் சரிசெய்தால் போதும். வேகத்தைக் கூட்டுவது வேறு, காத்திருப்பைக் குறைப்பது வேறு. இதைக் கலந்துவிடுவதால்தான் பலர் தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுக்கிறார்கள்.

முதலில் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ALGO, PERCENT, CPUQuota, MemoryHigh, 1G, Isolated Web Co, Xorg மாதிரிச் சிலவற்றில் மட்டும் பெரிய எழுத்தை அப்படியே போட வேண்டும்.

எதையும் மாற்றுமுன் அளந்து பாருங்கள். லோட் எவரேஜ் எண்ணை நம்ப வேண்டாம். லினக்ஸில் அந்த எண் சிபியூவுக்குக் காத்திருப்பவர்களோடு டிஸ்குக்குக் காத்திருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. 8 என்று காட்டினாலும் சிபியூ வெறுமையாக இருக்கலாம். இதற்குச் சரியான கருவி கர்னல் 4.20இல், அதாவது 2018 இறுதியில் வந்த பிஎஸ்ஐ என்ற அழுத்தக் கணக்கு. ப்ரொக் அடைவுக்குள் பிரஷர் என்ற அடைவு இருக்கும். அதில் சிபியூ, ஐஓ, மெமரி என மூன்று கோப்புகள். ‘கேட்’ கட்டளையால் திறந்தால் ‘சம்’ என்று ஒரு வரியும் ‘ஃபுல்’ என்று ஒரு வரியும் வரும். சம் என்பது யாராவது ஒருவராவது காத்திருந்த நேரத்தின் சதவீதம். ஃபுல் என்பது வேலை இருந்தும் எல்லாருமே முடங்கி நின்ற நேரம். ஏவிஜி10 கடைசி 10 செக்கனுக்கான சராசரி.

கடையில் கூட்டமாக இருக்கும்போது ஒரு டெர்மினலைத் திறந்து ‘வாட்ச்’ கட்டளையோடு இந்த மூன்றையும் ஓட விடுங்கள். அனுபவக் கணக்காகச் சொன்னால், மெமரியின் ஃபுல் ஏவிஜி10 ஐந்தைத் தாண்டினாலே கை உணரும், இருபதைத் தாண்டினால் உறைந்த மாதிரித்தான் இருக்கும். மெமரி அமைதியாக இருந்து ஐஓ மட்டும் எகிறினால் பிரச்சினை பென் டிரைவ், பேக்கப், அல்லது சாகப்போகும் டிஸ்க். சிபியூ மட்டும் உயர்ந்தால் வீடியோ மாற்றம் மாதிரி ஒன்று ஓடுகிறது. ‘விஎம்ஸ்டாட் 1’ கட்டளையும் நல்லது. எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நிரல்களும் தொடர்ந்து பூச்சியமாக இல்லாவிட்டால் ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது தரவை ஒதுக்கிவைக்கும் இடம்) ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி, அதை விட்டுவிடுங்கள்.

அளக்கும் அதே நேரத்தில் டிஸ்கின் உடல்நலத்தையும் பாருங்கள், ஏனென்றால் டிஸ்க் பழுதாயிருந்தால் கீழே சொல்லும் எதுவும் பலிக்காது. ‘ஸ்மார்ட்மொன்டூல்ஸ்’ நிறுவி, ‘சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ கட்டளையை டிஸ்கின் பெயரோடு ஓட்டி, 5, 197, 199 என்ற மூன்று எண்களுக்கு நேரே கடைசியில் வரும் மதிப்பைப் பாருங்கள். 5உம் 197உம் பழுதான, பழுதாகிக்கொண்டிருக்கும் செக்டர்கள். 197 பூச்சியத்துக்கு மேல் போய்விட்டால் முதலில் கொப்பி எடுத்து வையுங்கள். ஒரே செக்டரை வாசிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும்போது கர்னல் 30 செக்கன் வரை பொறுத்திருக்கும், அதுவரை அந்த டிஸ்கை நம்பியிருக்கும் எல்லாமே நிற்கும். 199 வேறு கதை: அது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான கேபிளின் பிழைக் கணக்கு. மாதக்கணக்கில் மூடுபனியும் ஈரமும் இருக்கும் ஊர்களில் கனெக்டர் முனைகள் மங்கிப்போவது உண்டு. எண் நாளுக்கு நாள் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். டிஸ்கை மாற்றத் தேவையில்லை.

மலையகத்தில் ஒரு அனுகூலமும் இருக்கிறது: கொழும்பில் சூட்டால் சிபியூ வேகம் குறைகிற அளவுக்கு இங்கே குறைவதில்லை. ஆனாலும் பத்து வருடப் பழைய தேர்மல் பேஸ்ட் கல்லாகியிருக்கும். ‘சென்சர்ஸ்’ கட்டளை பாரத்தில் 80 பாகைக்கு மேல் காட்டினால் ஃபேனைக் கழற்றித் தூசு எடுத்துப் பேஸ்ட் பூசுங்கள்.

இனி முக்கியமான இடம், நினைவகம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. 4 ஜிபியில் சூமும் பிரவுசரும் சேர்ந்து நிரம்பியதும் கர்னல் பழைய பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) ஹார்ட் டிஸ்கிலுள்ள ஸ்வாப்புக்கு அனுப்புகிறது. அனுப்புவது பெரிய வலியில்லை, திரும்ப எடுப்பதுதான் வலி. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பும் தலை நகர ஏறக்குறைய 9 மில்லிசெக்கனும் சேர்த்தால் செக்கனுக்கு 75 வாசிப்புதான் கிடைக்கும். ஒதுக்கிவைத்திருந்த பிரவுசரை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவர 300 எம்பி திரும்பி வரவேண்டும் என்று வையுங்கள். 4 கேபி பக்கங்களாக அது 76,800. கர்னல் எட்டு எட்டாக எடுத்தாலும் 9,600 வாசிப்பு, 75ஆல் வகுத்தால் 128 செக்கன். நீங்கள் சொன்ன இரண்டு நிமிடம் இதுதான்.

‘அப்போ ஸ்வாப்பை அணைத்துவிடுகிறேன்’ என்று பலர் அணைக்கிறார்கள். அதுவும் உறையும், சில நேரம் இன்னும் மோசமாக. ஸ்வாப் இல்லாதபோது கர்னலால் வெளியே தள்ள முடிந்தது கோப்புகளின் கேஷ் (டிஸ்கிலிருந்து வாசித்து ரேமில் வைத்திருக்கும் நகல்) மட்டும்தான். பிரவுசரின் புரோகிராம் கோப்பு, புரோகிராம்கள் பகிரும் சி லைப்ரரி, விண்டோ மேனேஜர் எல்லாமே அந்தக் கேஷில்தான் இருக்கின்றன. தள்ளிய மறுகணம் அவை மீண்டும் தேவைப்படும், மீண்டும் டிஸ்கிலிருந்து வாசிக்கும், மீண்டும் தள்ளும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற முடிவுக்குக் கர்னல் லேசில் வராது. ஸ்வாப்பினஸை (ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பாவிப்பது என்ற எண்ணை) 10 ஆக்கு என்ற ஆலோசனையும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை இதே பக்கம்தான் தள்ளும். மணிக்கு ஒருமுறை கேஷைக் காலி செய்யும் ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அது கேடு மட்டுமே.

செய்ய வேண்டியது ஸீரேம். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிய ஸ்வாப்பாக ஆக்குவது. கர்னலுக்குள் 2014இல் 3.14 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஃபெடோரா 2020 முதல் இதைத் தானாகவே போட்டுத் தருகிறது. மின்டில் நீங்களாகப் போட வேண்டும்:

சுடோ ஏபிடி இன்ஸ்டால் ஸீரேம்-டூல்ஸ்

பிறகு ஈடிசி அடைவில் டிஃபோல்ட் என்பதற்குள் இருக்கும் ‘ஸீரேம்ஸ்வாப்’ கோப்பைத் திறந்து, ஆல்கோ வரியில் ஸீஎஸ்டிடி (ஒரு சுருக்கும் முறை) என்றும் பர்சென்ட் வரியில் 50 என்றும் போடுங்கள். வரி முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை எடுக்க மறக்காதீர்கள், இதில்தான் பலர் தவறுகிறார்கள். சேமித்து, ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஸீரேம்ஸ்வாப்’. ஏறக்குறைய 2 ஜிபிக்கு ஸ்வாப் வரும். அது முழுக்க நிரம்பினாலும், பிரவுசர் தரவு வழக்கமாக இரண்டரை மூன்று மடங்கு சுருங்கும் என்பதால், உண்மையில் ரேமில் பிடிப்பது 700, 800 எம்பிதான். ‘ஸீரேம்சிடிஎல்’ கட்டளையில் டேட்டா, கொம்ப்ர் என்ற இரண்டு நிரல்களைப் பார்த்தால் உங்கள் கடையின் உண்மையான விகிதம் தெரியும். சுருக்கி விரிக்க ஐ3 எடுப்பது மைக்ரோசெக்கன்கள், ஹார்ட் டிஸ்க் எடுப்பது மில்லிசெக்கன்கள். இந்த வித்தியாசத்துக்கு முன்னால் எல்இசட்4ஆ ஸீஎஸ்டிடியா என்ற விவாதம் பெரிதல்ல. ரேம் குறைவாக இருப்பதால் நான் கூடுதலாகச் சுருக்கும் ஸீஎஸ்டிடி பக்கம்.

ஸீரேமை வைத்துக்கொண்டு டிஸ்கிலுள்ள ஸ்வாப்ஃபைலையும் விட்டுவைத்தால், முதலில் நிரம்புவது ஸீரேம். அதில் யாரும் தொடாத பழைய பக்கங்கள் உட்கார்ந்துகொள்ள, இப்போது தேவையான பக்கங்கள் டிஸ்குக்குப் போகும். தலைகீழ் ஏற்பாடு. ஆகவே ஈடிசியிலுள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் ஸ்வாப்ஃபைல் வரிக்கு முன்னால் ஹாஷ் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹைபர்னேட் பாவிப்பவர்கள் மட்டும் இதைச் செய்யக்கூடாது. கடையில் அது தேவைப்படாது.

ஸீரேமுக்கு ஏற்றபடி இரண்டு எண்கள் மாற வேண்டும். ஈடிசிக்குள் ‘சிஸ்சிடிஎல்.டி’ அடைவில் 99இல் தொடங்கி .கொன்ஃப் என முடியும் பெயரில் ஒரு கோப்பு உண்டாக்கி, விஎம்.ஸ்வாப்பினஸ் = 150 என்றும் விஎம்.பேஜ்-கிளஸ்டர் = 0 என்றும் எழுதுங்கள். ஸ்வாப்பினஸ் நூறைத் தாண்டலாமா என்று கேட்பீர்கள். கர்னல் 5.8 முதல் 200 வரை போகலாம். ‘டிஸ்க் கோப்பைத் திரும்ப வாசிப்பதைவிட ஸ்வாப்பிலிருந்து எடுப்பது மலிவு’ என்று கர்னலுக்குச் சொல்வதே இதன் பொருள். ஸ்வாப் ரேமுக்குள்ளேயே இருக்கும்போது அது உண்மைதானே. பேஜ்-கிளஸ்டர் 3 ஆக இருந்ததால்தான் எட்டு எட்டாக வாசித்தது. சுழலும் தட்டு இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

இவ்வளவு செய்தும் யாராவது 40 டேப் திறந்தால் நினைவகம் தீரும். அப்போது உறைவதா, ஒன்றைக் கொல்வதா என்பதுதான் தேர்வு. கர்னலுக்குள் இருக்கும் கொலைகாரன் கடைசி மூச்சில்தான் வருவான். ‘ஏர்லிஊம்’ என்ற சிறிய சேவை அதற்கு முன்பே வரும்: கிடைக்கும் நினைவகமும் ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரிய புரோசஸை மரியாதையாக மூடச் சொல்லும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் வலுக்கட்டாயமாக மூடும். இந்த ‘இரண்டுமே’ என்பதைக் கவனியுங்கள். 4 ஜிபி ஸ்வாப்ஃபைல் டிஸ்கில் இருக்குமானால் அது நிரம்பும்வரை ஏர்லிஊம் அசையாது, நீங்களோ அதற்கு வெகு முன்பே உறைந்துபோயிருப்பீர்கள். ‘ஏர்லிஊம் போட்டும் பலனில்லை’ என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எதைக் கொல்வது என்பதையும் சொல்லிவைக்கலாம். ஈடிசி, டிஃபோல்ட், ஏர்லிஊம் கோப்பின் ஆர்க்ஸ் வரியில் ‘--ப்ரிஃபர்’ என்பதற்குப் பிறகு பிரவுசரின் டேப் புரோசஸ் பெயரைக் கொடுங்கள். ஃபயர்ஃபொக்ஸில் அது ‘ஐசலேட்டட் வெப் கொன்டென்ட்’. ஆனால் லினக்ஸ் புரோசஸ் பெயரை 15 எழுத்தில் வெட்டிவிடுவதால் ‘ஐசலேட்டட் வெப் கோ’ வரைதான் எழுத வேண்டும், முழுப் பெயரும் கொடுத்தால் பொருந்தாது. ‘--அவொய்ட்’ பக்கத்தில் எக்ஸ்ஓஆர்ஜி, எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, எஸ்ஒஃபிஸ்.பின் ஆகியவை. இப்படிச் செய்தால் செத்துப்போவது ஒரு டேப் மட்டும், பிரவுசரும் மற்ற டேப்களும் பிழைக்கும். அந்த டேப்பில் ஒருவர் பாதி நிரப்பிய விண்ணப்பம் இருந்தால் அது போய்விடும், அதை மறைக்க விரும்பவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் எல்லாருடையதும் போகும் என்பதோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். சிஸ்டம்டி-ஊம்டி என்ற சேவை ஏற்கெனவே ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று போதும்.

மின்ட் 22இன் கர்னல் 6.8, ஆகவே 6.1இல் வந்த புதிய பக்கத் தெரிவு முறையான எம்ஜிஎல்ஆர்யூவும் உங்களிடம் இருக்கிறது. சிஸ், கர்னல், எம்எம், எல்ஆர்யூ_ஜென் என்ற வழியில் ‘இனேபிள்ட்’ கோப்பைப் பாருங்கள். பூச்சியம் என்றால் அதில் ‘ஒய்’ எழுதுங்கள். அதன் அருகிலேயே ‘மின்_டிடிஎல்_எம்எஸ்’ என்றொரு கோப்பு. அதில் 1000 எழுதினால், கடைசி ஒரு செக்கனுக்குள் தொட்ட பக்கங்களைக் கர்னல் வெளியேற்றாது. அதைக் காப்பாற்ற முடியாத நிலை வந்தால் யாரையாவது கொல்லும். மவுஸும் விண்டோ மேனேஜரும் இந்த ஒரு செக்கன் பாதுகாப்புக்குள் வந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் இந்த எண் மறைந்துபோகும், டிஎம்பிஃபைல்ஸ்.டி வழியாக நிரந்தரமாக்க வேண்டும்.

கடைக்கே உரிய ஒரு நினைவகத் திருடனைச் சொல்லாமல் விட முடியாது: ஸ்கேனர். ஏ4 வண்ணப் பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், ஆக 26 எம்பி. அதையே 600இல் எடுத்தால் 104 எம்பி. பிடிஎஃபாகச் சேமிக்கும்போது சிறியதாகத் தெரிவது சுருக்கிய பிறகுதான், திரையில் திறந்திருக்கும்போது முழு அளவு ரேமில் இருக்கும். பத்துப் பக்கச் சான்றிதழ்க் கட்டை 600இல் எடுத்தால் 1 ஜிபி போய்விடும், உங்களிடம் இருப்பதே நாலு. விண்ணப்பங்களுக்கு 300 தாராளம், பல இணையத்தளங்கள் அதைவிடச் சிறிய கோப்பைத்தான் ஏற்கின்றன. ஸ்கேனர் மென்பொருளில் இயல்பு அளவை 300 ஆக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பென் டிரைவ்.

லினக்ஸ் எழுத வேண்டியதை உடனே எழுதாது. ரேமில் சேர்த்துவைத்துப் பிறகு எழுதும். கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 20 சதவீதம் வரை இப்படிச் சேரலாம் என்பது இயல்பு. 2.5 ஜிபி கிடைக்கிறது என்றால் 500 எம்பி. இந்த வழக்கம் வேகமான டிஸ்குக்குச் சரி. மலிவான பென் டிரைவ் யூஎஸ்பி 2 வழியாகச் செக்கனுக்கு 5 எம்பிதான் எழுதும் என்றால் அந்த 500 எம்பி இறங்க 100 செக்கன். வரம்பு நிறைந்தவுடன், பென் டிரைவோடு சம்பந்தமே இல்லாத புரோகிராம்களும் எழுதும் இடத்தில் நிறுத்தப்படலாம். பிரவுசர் ஒவ்வொரு சில செக்கனிலும் தன் வரலாற்றை டிஸ்கில் உறுதிப்படுத்திக் கேட்கும் பழக்கமுள்ளது, ஆகவே முதலில் மாட்டுவது அதுதான். கொப்பி ஆகும் பட்டை சட்டென்று 100 சதவீதத்துக்குப் போய், ‘இஜெக்ட்’ கொடுத்தால் நிமிடக்கணக்கில் சுற்றுவதும் இதனால்தான். முடிந்துவிட்டது என்று நம்பி வாடிக்கையாளர் பிடுங்கிக்கொண்டு போக, வீட்டில் வீடியோ திறக்காமல் மறுநாள் சண்டைக்கு வருவார்.

அதே சிஸ்சிடிஎல் கோப்பில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்:

விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் = 16777216
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 67108864

16 எம்பி சேர்ந்ததும் எழுதத் தொடங்கும், 64 எம்பிக்கு மேல் சேர விடாது. 5 எம்பி வேகத்தில்கூட 13 செக்கனில் முடியும். ‘சுடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்’ கொடுத்தால் உடனே அமுலாகும். பட்டை இனி மெதுவாகத் தெரியும், ஆனால் உண்மையைக் காட்டும். இந்த எண்ணைக் கூட்டச் சொல்லும் ஆலோசனைகளும் கண்ணில் படும், வேகம் கூடும் என்று. நம் பக்கத்துக்கு அது ஆகாது. தென்மேற்குப் பருவக் காற்றில் மரம் விழுந்தும், ஏப்ரல், ஒக்டோபர் இடியிலும் கரண்ட் போகும் இடம் இது. ரேமில் எழுதப்படாமல் கிடப்பது எவ்வளவோ அவ்வளவும் போகும். சிறிய யூபிஎஸ் ஒன்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்கின் வரிசையை ஒழுங்குபடுத்துபவரையும் மாற்றலாம். மின்டில் இருப்பது எம்க்யூ-டெட்லைன். அது நேர்மையானது, ஆனால் கைப்பிடிக் கொழுந்தையும் பத்துச் சாக்கையும் பெரிதாகப் பிரித்துப் பார்க்காது. 2017இல் 4.12இல் வந்த பிஎஃப்க்யூ சிறிய, ஊடாடும் வேலைகளை முன்னால் விடும். சிஸ், பிளொக், எஸ்டிஏ, க்யூ என்ற வழியில் ‘ஷெட்யூலர்’ கோப்புக்குள் ரூட்டாக பிஎஃப்க்யூ என்று எழுதினால் போதும், மொட்யூல் தானாக ஏறும். நிரந்தரமாக்க, ரொட்டேஷனல் 1 என்று இருக்கும் டிஸ்குகளுக்கு மட்டும் என்று யூடெவ் விதி எழுதுங்கள். பேக்கப் மாதிரி வேலைகளை ‘அயோநைஸ் -சி 3’ போட்டு ஓட்டினால், பிஎஃப்க்யூ இருக்கும்போது அது நிஜமாகவே ஒதுங்கி நிற்கும். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியின் ஸ்னாப்ஷொட்டும் மின்டின் தானியங்கி அப்டேட்டும் கடை திறந்திருக்கும் நேரத்தில் விழுகின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள்.

சிபியூ பற்றி. வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது ‘நைஸ் 19’ (மிகக் குறைந்த முன்னுரிமை) போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று குழம்புவார்கள். நைஸ் எண் ஒரே குழுவுக்குள் இருப்பவர்களிடையே மட்டும்தான் ஒப்பிடப்படும். 2011இல் 2.6.38இல் வந்த ஓட்டோகுரூப்பும் இப்போதைய சிஸ்டம்டியின் சிகுரூப்பும் டெர்மினலை ஒரு குழுவாகவும் டெஸ்க்டொப்பை வேறு குழுவாகவும் பிரித்துவிட்டால், குழுவுக்குக் குழு சமபங்கு, உள்ளே இருக்கும் நைஸ் வெளியே தெரியாது. ஒப்பீட்டைச் சார்ந்திராத உச்சவரம்பு வையுங்கள்:

சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் -பி சிபியூகோட்டா=200% -பி மெமரிஹை=1ஜி எஃப்எஃப்எம்பெக் ...

உங்கள் ஐ3இல் இரண்டு கோர், நான்கு திரெட். ஆகவே மொத்தம் 400 சதவீதம், அதில் பாதி எஃப்எஃப்எம்பெக்குக்கு. மெமரிஹை என்பது அந்த அளவைத் தாண்டினால் அந்த வேலையை மட்டும் மெதுவாக்கும், கொல்லாது. கொல்ல வேண்டுமானால் மெமரிமேக்ஸ்.

யூடியூப் பாடம் ஓடும்போது சிபியூ ஏறுவதற்கு வேறு காரணம். அங்கிருந்து வருவது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வீடியோ வடிவங்கள். இரண்டாம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸால் இரண்டையும் விரிக்க முடியாது, சுமை சிபியூவில் விழும். ‘எச்264ஃபை’ என்ற பிரவுசர் நீட்சி எச்.264 வடிவத்தைக் கேட்டு வாங்கும். 480பியில் விட்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும், டேட்டாவும் மிச்சம்.

கர்னல் மாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். யார் முதலில் சிபியூவைப் பெறுவது என்ற சண்டை லினக்ஸில் நீண்டது. அவுஸ்திரேலிய மயக்க மருந்து மருத்துவரான கொன் கொலிவாஸ் டெஸ்க்டொப்புக்காகவே தனியாக ஷெட்யூலர் எழுதினார், 2007இல் இங்கோ மோல்னாரின் சிஎஃப்எஸ் வந்தது, 2023இல் 6.6இல் ஈஈவிடிஎஃப் அதன் இடத்தைப் பிடித்தது. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸன்மொட், லிகொரிக்ஸ் மாதிரிக் கர்னல்கள் சிபியூ வரிசையைத்தான் இன்னும் கூர்மையாக்குகின்றன. உங்கள் கூட்டம் அந்த வரிசையில் இல்லை. ஆசைப்பட்டு ஸன்மொட் போடுவதானால் வி3 பதிப்பைத் தொடாதீர்கள். அது ஏவிஎக்ஸ்2 என்ற சிபியூ வசதியைக் கேட்கும், இரண்டாம் தலைமுறை ஐ3இல் அது கிடையாது, கணினி தொடங்காது. வி2தான் பொருந்தும்.

காசு செலவழிப்பதென்றால் முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரேம். எச்61 மதர்போர்டுகளில் சாட்டா 2தான், செக்கனுக்கு 300 எம்பிக்குள்தான் போகும் என்று கடைக்காரர் தயங்கினால் பொருட்படுத்த வேண்டாம். உங்களைக் கொல்வது எம்பி வேகமல்ல, செக்கனுக்கு 75 என்ற வாசிப்பு எண்ணிக்கை. எஸ்எஸ்டியில் அது ஆயிரக்கணக்கில். மிக மலிவான எஸ்எஸ்டிகள் பெரிய கோப்பைத் தொடர்ந்து எழுதும்போது நடுவில் திடீரென்று தவழும், ஆகவே மேலே சொன்ன டர்ட்டி வரம்பு எஸ்எஸ்டி வந்த பிறகும் இருக்கட்டும். ரேம் வாங்கும்போது டிடிஆர்3, நான்கு நான்காக இரண்டு துண்டு. ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று மலிவாக விற்கப்படும் துண்டுகள் இன்டெல் போர்டில் ஏறாது. கடையிலேயே போட்டு எரியவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் செய்தும் ஒருநாள் உறைந்தால் பவர் பட்டனுக்குக் கை போகவேண்டாம். அதற்கு ஒரு சாவி இருக்கிறது, ஆனால் மின்ட் அதைப் பாதி பூட்டித்தான் தருகிறது: கர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்பு 176. அதை அதே சிஸ்சிடிஎல் கோப்பில் 244 ஆக்குங்கள். பிறகு ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப் தட்டினால், கர்னல் அந்தக் கணமே அதிக நினைவகம் தின்பவரைக் கொன்று மற்றவர்களை விடுவிக்கும். அதற்கும் அசையாவிட்டால் அதே இரண்டையும் பிடித்தபடி ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று செக்கன் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். எழுத வேண்டியதை எழுதி, டிஸ்கைப் பூட்டி, ஒழுங்காக ரீஸ்டார்ட் ஆகும்.

நான்கு கணினியிலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றில் ஸீரேமும் டர்ட்டி வரம்பும் மட்டும் போட்டு ஒரு வாரம் கூட்டத்தில் ஓட்டுங்கள். அதிலும் நின்றால், நிற்கும்போது பிரஷர் அடைவின் மூன்று கோப்புகளும் காட்டிய வரிகள், ஸ்மார்ட்டில் 5, 197, 199 ஆகியவற்றின் எண், ஸீரேம்சிடிஎல் வெளியீடு ஆகிய மூன்றையும் கைபேசியில் படமெடுத்து அனுப்புங்கள். எந்த வரிசையில் கூட்டம் என்று பார்த்துச் சொல்கிறேன்.